மூன்றரை மிளகுக் கடல்

எங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து கடல் தெரியும். இதை நான் யாரிடம் சொன்னாலும், 'தெரியும்' என்கிற இடம் வந்ததும் என் மனைவிக்கு இருமல் வரும். பதினோரு வருஷமாக வருகிறது. மருந்தில் தீருகிற இருமல் இல்லை.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு குடியிருப்பில் மூன்றாவது மாடி. வாங்கும்போது விற்றவர் ஒரு படம் காட்டினார். படத்தில் ஒரு தம்பதி பால்கனியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பையின் விளிம்புக்கு நேர் பின்னால் அலை அடித்துக்கொண்டிருந்தது. "கடல் பார்த்த வீடு சார். அதுக்கு மட்டும் தனியா மூணரை லட்சம்" என்றார். மனைவி, "பக்கத்துல பால் பூத் இருக்குங்களா?" என்று கேட்டாள். மனுஷன் கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இவள் பாலைப் பற்றிக் கேட்கிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றரை லட்சத்தைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். சமுத்திரத்துக்குப் போய் யாராவது விலையைக் குறைத்துக் கேட்பார்களா?

எங்கள் கடலைப் பார்க்க ஒரு முறை உண்டு. பால்கனிக் கதவிலிருந்து நாலாவது டைல்ஸில் இடது காலை ஊன்ற வேண்டும். துணிக்கொடிக்குக் கீழே குனிய வேண்டும். பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் தாடையைப் பிடித்துத் திருப்பிவிடுவார்களே, அந்த அளவுக்குக் கழுத்தைச் சாய்க்க வேண்டும். இப்போது நூறு மீட்டர் தள்ளி இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி தெரியும். அந்த இடைவெளியின் அடியில் சாம்பல் நிறத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. வங்காள விரிகுடா அதுதான்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த என் மைத்துனரை அந்த நாலாவது டைல்ஸில் நிறுத்தினேன். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "அடடா, அலையே தெரியுது மாமா! என்ன நீலம்!" என்றார். அவர் பார்த்தது எதிர்வீட்டு மொட்டைமாடியில் காற்றில் படபடத்த தார்ப்பாய். நான் திருத்தவில்லை. வருகிற விருந்தாளி எதையாவது பார்த்துவிட்டுப் போனால் சரி என்று அன்றைக்கே என் கொள்கை தளர்ந்துவிட்டது.

இப்படியே இன்னும் இருபது வருஷம் ஓட்டியிருப்பேன். கெடுத்தது இயற்பியல்.

மகள் பதினோராம் வகுப்புக்கு வந்தாள். முதல் பாடமே அலகுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புத்தகத்தோடு வந்து, "அப்பா, திண்மக் கோணம்னா என்னப்பா?" என்றாள். நான் அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். அதனால் எனக்குக் கணக்கு வரும் என்று வீட்டில் ஒரு வதந்தி உண்டு. அதை மறுக்கும் துணிவு எனக்கு இதுவரை வரவில்லை.

"முதல்ல தளக் கோணம்னா என்னன்னு சொல்லு, பார்ப்போம்" என்றேன். தெரியாத கேள்விக்கு அதைவிடச் சின்னக் கேள்வியைத் திருப்பிப் போடுவது நான் தணிக்கைக்கு வருகிற அதிகாரிகளிடம் கற்ற வித்தை. அவள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நான் என் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்வந்தேன்.

'ஒரு நாண் வட்ட மையத்தில் தாங்கும் கோணம்.' அந்தத் 'தாங்கும்' என்ற சொல்லில்தான் நான் அப்போது விழுந்தேன். படத்தில் கோணம் மேலே மையத்தில் இருக்கிறது. நாண் கீழே கிடக்கிறது. தொடக்கூட முடியாத தூரத்தில் இருக்கிற ஒன்றை அது எப்படித் தாங்கும்? எழுந்து கேட்டேன். வாத்தியார், "உங்கப்பா ஊர்ல இருந்துக்கிட்டே உன்னைத் தாங்கலையா? உட்காரு" என்றார். விடுதி மாணவன் நான். வாயடைத்து உட்கார்ந்தேன். அது உவமை, விளக்கம் இல்லை என்று புரிய முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

விஷயம் சின்னதுதான். பார்க்கிற பொருளின் இரண்டு ஓரத்திலிருந்தும் ஒவ்வொரு நூலைப் பிடித்து உங்கள் கண்வரைக்கும் இழுத்து வாருங்கள். இரண்டு நூலும் கண்ணில் சேருமிடத்தில் எவ்வளவு விரிந்திருக்கிறதோ, அதுதான் அந்தப் பொருள் உங்கள் கண்ணில் தாங்கும் கோணம். பொருள் எவ்வளவு பெரிது என்பது பாதிக் கதை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது மீதி. அதனால்தான் ஒரே வில் மையத்தில் தாங்கும் கோணம், எதிர்ப்பக்கப் பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல இருமடங்கு என்று மனப்பாடம் செய்தோம். வில் அதேதான், உட்காருகிற இடம் மாறியது, மதிப்பு பாதியாகிவிட்டது. கல்யாணமான முதல் வருஷம் மாமியார் வீட்டில் நான் மையத்தில் இருந்தேன். இப்போது பரிதியில் இருக்கிறேன். குடும்பம் அதேதான்.

வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்தால் வருவது ரேடியன். இரண்டும் சமமாக இருந்தால் ஒரு ரேடியன், அதாவது 57.3 டிகிரி. இந்தப் பெயர் முதன்முதலில் அச்சானது எங்கே என்று தேடினால் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. 1873 ஜூன் மாதம், அங்கே குவீன்ஸ் கல்லூரியில் ஜேம்ஸ் தாம்சன் என்ற பேராசிரியர் தயாரித்த தேர்வு வினாத்தாளில்தான். கெல்வின் பிரபுவின் அண்ணன் அவர். மகளிடம் சொன்னேன். "கேள்வித்தாள்லயே பொறந்ததா? அதான் இன்னும் கேள்வித்தாளை விட்டுப் போகலை" என்றாள்.

ரேடியன் தட்டையானது, ஒரு தாளுக்குள் அடங்கிவிடும். திண்மக் கோணத்துக்கு இரண்டு நூல் போதாது. பொருளின் ஓரம் முழுவதிலிருந்தும் நூல்களை இழுத்து வந்து கண்ணில் கட்ட வேண்டும். கூம்பு மாதிரி வரும். இப்போது உங்கள் தலையைச் சுற்றி ஒரு கண்ணாடிப் பந்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நூல்கள் அந்தப் பந்தைத் துளைத்துக்கொண்டு வரும் இடத்தில் ஒரு வட்டாரம் அடைபடும். அதன் பரப்பை ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது ஸ்டெரேடியன். சதுர சென்டிமீட்டரைச் சதுர சென்டிமீட்டரால் வகுப்பதால் கையில் எந்த அலகும் மிஞ்சாது, வெறும் எண்தான். இப்படி ஒரு ஆசாமியை எந்தப் பந்தியில் உட்காரவைப்பது என்று சர்வதேச அளவியல் பெரியவர்களுக்கே குழப்பம் வந்திருக்கிறது. 1960இல் ரேடியனையும் ஸ்டெரேடியனையும் அடிப்படை அலகிலும் சேர்க்காமல் வழி அலகிலும் சேர்க்காமல் 'துணை அலகுகள்' என்று தனியாக ஒரு திண்ணை போட்டு உட்காரவைத்தார்கள். 1995இல் அந்தத் திண்ணையையே இடித்துவிட்டு, போய் வழி அலகுகளோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் படித்தது திண்ணைக் காலத்தில். மகள் படிப்பது இடித்த பிறகு. "தப்பா சொல்லித் தர்றீங்கப்பா" என்று அவள் சொன்னதற்கு இதுதான் காரணம், என் மறதி இல்லை என்று இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

வாயால் சொன்னது போதவில்லை. செய்முறை விளக்கத்துக்காகச் சமையலறையிலிருந்து தர்பூசணியை எடுத்தேன். நல்ல உருண்டை, குறுக்களவு 24 சென்டிமீட்டர். ஆரம் 12. வர்க்கம் 144. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாக ஒரு சதுரத் தாள் வெட்டி அதன் மேல் ஒட்டினால், அந்தத் தாள் பழத்தின் மையத்தில் தாங்குவது ஒரு ஸ்டெரேடியன். ஒட்டினேன். தாள் நாலு மூலையிலும் தூக்கிக்கொண்டு நின்றது.

"சமமான தாள் உருண்டையில எப்படிப்பா படியும்?" என்றாள் மகள்.

தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்து, நவராத்திரிக்குக் காகிதக்கூழ் பொம்மை செய்கிற மாதிரி ஒவ்வொரு துண்டாக ஒட்டிவைத்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. பார்க்க மேற்கு வங்காளத்தின் வரைபடம் போல இருந்தது. ஆனால் இங்கேதான் ஸ்டெரேடியனின் பெருந்தன்மை: அதற்கு வடிவம் ஒரு பொருட்டே இல்லை. வட்டமோ சதுரமோ மேற்கு வங்காளமோ, பரப்பு 144 என்றால் ஒரு ஸ்டெரேடியன்தான். ஒட்டிய ஓரத்தோடு கத்தியை மையம்வரை இறக்கி, ஒரு ஸ்டெரேடியன் தர்பூசணியை வெளியே எடுத்து நீட்டினேன். முழு உருண்டைக்கு இப்படி 12.57 வரும், 4பை. பழம் கடுகளவு இருந்தாலும் இதே 12.57தான், பூமியளவு இருந்தாலும் இதேதான்.

அப்போது மனைவி உள்ளே வந்தாள். மேஜை முழுக்கச் சாறு, தரையில் விதை, பசை ஒட்டிய தோல், கையில் கூம்பு. "சாயங்காலம் எங்கக்கா வீட்டுல இருந்து வர்றாங்கன்னு வாங்கி வெச்சேன்" என்றாள்.

"பன்னிரண்டு பேர்வரைக்கும் ஆளுக்கு ஒரு ஸ்டெரேடியன் கொடுக்கலாம். மீதி பாயிண்ட் ஐம்பத்தேழு நமக்கு" என்றேன்.

வந்தவர்களுக்கு அன்றைக்கு பிஸ்கட் கொடுக்கப்பட்டது.

மகளுக்கு மட்டும் ருசி பிடித்துவிட்டது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு வர்க்கம் போட்டாள். ஒரு ஸ்டெரேடியன் என்பது தரையில் சுமார் 4 கோடியே 6 லட்சம் சதுர கிலோமீட்டர். பூமியின் நடுவிலிருந்து ஒருவன் அண்ணாந்து பார்த்தால் இந்தியா முழுவதும் அவனுக்கு 0.08 ஸ்டெரேடியன். தமிழ்நாடு 0.0032. "நம்ம வீடு?" என்று கேட்டேன். தசமப் புள்ளிக்குப் பிறகு அவள் பூஜ்ஜியம் போட ஆரம்பித்ததைப் பார்த்து நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்தப் பூஜ்ஜியங்களுக்கு இன்னும் ஒன்பது வருஷம் தவணை பாக்கி இருக்கிறது.

விளக்கம் வீட்டின் மூலைக்கும் போனது. இரண்டு சுவரும் தரையும் சேருகிற மூலையில் கண்ணை வைத்துப் பார்த்தால், அறை அங்கே விரிவது முழு உருண்டையில் எட்டில் ஒரு பங்கு, 1.57 ஸ்டெரேடியன். எட்டு அறைகளை மூலைக்கு மூலை ஒட்டினால் உருண்டை நிறையும். இதைக் காட்டுவதற்காக சோபாவை நகர்த்தினேன். "ஒட்டடை அடிங்கன்னு ஒரு மாசமா சொல்றேன். அப்ப நகராத சோபா இப்ப எப்படி நகருது?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அந்த மூலையில் ஒரு சிலந்தி எங்கள் வீட்டைப் பத்து பைசா கொடுக்காமல் 1.57 ஸ்டெரேடியனில் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு லேசாகப் பொறாமை வந்தது. வினை அங்கே ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது. சிலந்திக்கு இத்தனை என்றால், எனக்கு என் கடல் எத்தனை?

நேரடியாகக் கடலுக்குப் போகத் தைரியம் வரவில்லை. நிலாவிலிருந்து தொடங்கினேன்.

கையை நீட்டினால் கண்ணிலிருந்து விரல்வரை எனக்கு ஏறத்தாழ 57 சென்டிமீட்டர். அந்தத் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் பொருள் சரியாக ஒரு டிகிரி தாங்கும். எல்லோருக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான் அமையும். சுண்டுவிரல் நகம் ஒரு டிகிரி, கட்டைவிரல் இரண்டு, மூடிய முஷ்டி பத்து. நிலா அரை டிகிரிதான். 3,475 கிலோமீட்டர் குறுக்களவுள்ள பொருள் 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் அவ்வளவுதான் தேறும். சூரியன் இதைவிட 400 மடங்கு பெரிது, 400 மடங்கு தூரம், ஆகவே அதுவும் அரை டிகிரி. முழு சூரிய கிரகணம் நமக்குக் கிடைப்பது இந்தப் பொருத்தத்தால்தான். பத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்துச் செய்த எங்கள் கல்யாணத்தில்கூட இத்தனை துல்லியம் இல்லை.

அரை டிகிரிக்கு அரை சென்டிமீட்டர் பொருள் வேண்டும். அஞ்சறைப்பெட்டியைத் திறந்தேன். கடுகு சிறிது, கொண்டைக்கடலை பெரிது. மிளகு கச்சிதம். ஒரு நல்ல மிளகைப் பொறுக்கி ஊதுவத்திக் குச்சியின் முனையில் ஒட்டினேன்.

அன்றிரவு எட்டு மணிக்கு எதிர் பிளாக்குக்கு மேலே நிலா வந்தது. பால்கனியில் நின்று குச்சியை நீட்டினேன். ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது. ஒன்றை மூடினால் கூட்டுக்குடும்பம் மாதிரி மற்றதும் சேர்ந்து மூடிக்கொள்ளும். இடது கையால் இடது கண்ணைப் பொத்தி, வலது கையில் மிளகுக் குச்சியைத் தூக்கி, வாய் லேசாகப் பிளந்திருக்க, குச்சியை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டி நிலாவைத் தேடினேன். கடைசியில் மிளகு போய் நிலாவின் மேல் உட்கார்ந்தது. மொத்த நிலாவும் மறைந்து, ஓரத்தில் மட்டும் ஒரு மினுக்கம். என்னை அறியாமல் "ஆச்சு!" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

எதிர் பிளாக் மூன்றாவது மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மறுநாள் மாலை குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். "சார் ஒண்ணும் தப்பா நினைச்சுக்கக் கூடாது. ராத்திரி நீங்க அவங்க வீட்டைப் பார்த்து மிளகை வெச்சு ஏதோ… சுத்தினீங்கன்னு அவங்க வீட்டுல ரொம்ப பயப்படறாங்க."

"நிலாவோட திண்மக் கோணம் பார்த்தேன் சார்" என்றேன்.

அவர் முகத்தில் பயம் இன்னும் கூடியது. மனைவிதான் வந்து காப்பாற்றினாள். "இவருக்குக் கண்ணுல கொஞ்சம் கோளாறுங்க. டாக்டர் பயிற்சி சொல்லியிருக்காரு." செயலாளர் நிம்மதியாகப் போனார். அன்றிலிருந்து லிஃப்டில் ஆட்கள் என்னை இரக்கத்தோடு பார்க்கிறார்கள். மிளகை நினைத்துப் பயப்படுவதற்கு இது தேவலை.

எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு வருஷங்களுக்கு மேல் முன்பே, சிரக்யூஸ் நகரத்தில் ஆர்க்கிமிடீஸ் இதே காரியத்தைச் செய்திருக்கிறார். உதிக்கிற நேரத்துச் சூரியனை நோக்கி ஒரு நீளமான கோலை வைத்து, அதன்மேல் ஒரு சின்ன உருளையை நகர்த்தி நகர்த்திச் சூரியனை மறைத்துப் பார்த்தார். சூரியன் தாங்கும் கோணம் செங்கோணத்தில் 200இல் ஒரு பங்கைவிட அதிகம், 164இல் ஒரு பங்கைவிடக் குறைவு என்று முடிவு கட்டினார். நம் கணக்கில் 0.45க்கும் 0.55க்கும் நடுவே. கண் என்பது ஒரு புள்ளி இல்லை, அதற்கும் அகலம் உண்டு என்பதைக்கூட யோசித்துத் திருத்தியிருக்கிறார். இத்தனையும் எதற்கு? அண்டம் முழுவதையும் மணலால் நிரப்ப எத்தனை மணல்துகள் வேண்டும் என்று கணக்குப் போட. அந்தக் கணக்கில் மணலுக்கு அடுத்த அளவாக அவர் எடுத்துக்கொண்டது கசகசா விதை. அவருக்கு கசகசா, எனக்கு மிளகு. அறிவியலின் பாதி அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது. அவர் வீட்டு எதிரில் துணி காயப்போடும் அம்மாள் யாரும் இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம்.

நிலாவைப் பற்றி மனைவியோடு ஒரு தகராறும் உண்டு. கீழ்வானத்தில் நிலா உதிக்கும்போது, "எவ்ளோ பெரிசா இருக்கு பாருங்க" என்பாள். அது கண்ணின் மயக்கம். உச்சியில் இருந்தாலும் அடியில் இருந்தாலும் ஒரு மிளகுதான். நுணுக்கிப் பார்த்தால், உதிக்கும்போது நாம் பூமியின் ஆரம் அளவுக்குக் கூடுதல் தூரத்தில் இருப்பதால், ஒன்றரை சதவீதம் போலச் சிறிதாகத்தான் இருக்கும். இதை நான் மிளகை வைத்து நிரூபித்தேன். "உங்க மிளகுக்குச் சிறிசா தெரியட்டும். எனக்குப் பெரிசாத்தான் தெரியுது" என்றாள். இதற்குப் பதில் ஆர்க்கிமிடீஸிடமும் இருந்திருக்காது.

இனி கடல். ஒரு சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் தூங்கும்போது உட்கார்ந்தேன்.

கட்டடங்களின் இடைவெளி மூன்றரை மீட்டர், நூறு மீட்டர் தூரத்தில். ஆகவே அகலம் 0.035 ரேடியன், இரண்டு டிகிரி. ஒரு கட்டைவிரல். சரி, அகலம் போகட்டும், கடலுக்கு ஆழம் இருக்கிறதே என்று உயரவாக்கில் பார்த்தேன். கடல் மட்டத்திலிருந்து என் கண் 12 மீட்டர் உயரம். கரை 1,500 மீட்டர் தூரம். கரையைப் பார்க்க என் பார்வை கீழே இறங்குவது 0.008 ரேடியன். மறுபக்கம் தொடுவானம், என் உயரத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சத்தில் பூமி வளைந்து கடலை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அந்தக் கோட்டைப் பார்க்கக் கீழே இறங்குவது 0.002. கழித்தால் மிச்சம் 0.006 ரேடியன். டிகிரியில் சொன்னால், மூன்றில் ஒரு டிகிரி.

பேனாவைக் கீழே வைத்தேன். கரையிலிருந்து தொடுவானம் வரைக்கும், படகு, கட்டுமரம், அலை, நுரை எல்லாம் சேர்த்து, என் கடலின் தடிமன் நிலாவின் குறுக்களவுகூட இல்லை.

பெருக்கினேன். 0.00021 ஸ்டெரேடியன். ஒரு மிளகு 0.00006. வகுத்தால் மூன்றரை.

இருபது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள வங்காள விரிகுடா, என் நாலாவது டைல்ஸில் மூன்றரை மிளகு. நான் கொடுத்தது மூன்றரை லட்சம். மிளகு ஒன்று ஒரு லட்சம் ரூபாய். கி.பி. 408இல் ரோம் நகரத்தை முற்றுகையிட்ட அலாரிக், விட்டுப் போவதற்கு விலையாகத் தங்கம், வெள்ளியோடு 3,000 பவுண்டு மிளகும் கேட்டானாம். அவன்கூட எண்ணி வாங்கவில்லை, எடை போட்டுத்தான் வாங்கினான்.

இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தாளை மேஜைமேலேயே வைத்துவிட்டேன். சாயங்காலம் காபி கொண்டுவந்த மனைவி அதைப் படித்தாள். முழுவதும் படித்தாள். பெருக்கல் சரியா என்று மனதுக்குள் போட்டும் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு இருமாமல் உள்ளே போனாள். பதினோரு வருஷ இருமல் நின்ற அந்த நிமிஷம் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு கோணத்தைக் கூட்டுவதற்குச் சில முயற்சிகள் எடுத்தேன். கிட்டப் போனால் கோணம் கூடும் என்பது விதி. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மீட்டர் வெளியே சாய்ந்தேன். நூறு மீட்டர் இடைவெளியில் அரை மீட்டர் என்பது அரை சதவீதம். அரை சதவீதம் கடலுக்காக மூன்றாவது மாடியில் தொங்குகிறேன் என்று புரிந்ததும் உள்ளே வந்துவிட்டேன். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். உயரம் கூடினால் தடிமன் கூடும். ஏதோ கூடியது. மின்விசிறி என் தலையில் தாங்கும் கோணமும் கூடியது.

போன மாதம் அந்த இடைவெளிக்கு நடுவே இருக்கும் ஒரு மாடிவீட்டில் கறுப்பு நிறத்தில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் ஒன்றை ஏற்றினார்கள். குறுக்களவு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு பேர் கயிறு கட்டி, "இழு, இழு" என்று இழுத்து, சரியாக என் கடலின் இடது ஓரத்தில் நிமிர்த்தினார்கள்.

"ஒரு மிளகு போச்சு" என்றேன்.

"ஒரு லட்சம்" என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.

அன்று பௌர்ணமி. மனைவி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "கிளம்புங்க. ரெண்டு பேரும்தான்."

"எங்கே?"

"ஒன்றரை கிலோமீட்டர்."

நடந்தே போனோம். இருபது நிமிஷம். பதினோரு வருஷத்தில் நாங்கள் மூவரும் சேர்ந்து கரைக்குப் போனது ஐந்தாறு தடவை இருக்கும். வீட்டிலேயே கடல் இருக்கிறதே என்று நான்தான் தடுத்துவந்தேன்.

அலை காலைத் தொடுகிற இடத்தில் நின்றேன். பழக்கதோஷத்தில் கழுத்தைச் சாய்த்தேன். "நேராவே பாருங்கப்பா, இங்க ஒண்ணும் மறைக்கலை" என்றாள் மகள். இடது கோடியிலிருந்து வலது கோடிவரை கடல். எதிரே தொடுவானத்திலிருந்து என் பாதம்வரைக்கும் கடல். தலையைச் சுற்றியுள்ள கண்ணாடிப் பந்தில் கீழ்ப் பாதியின் முன் பாதி முழுவதும் கடல். அதாவது உருண்டையில் கால் பங்கு. மனதுக்குள் போட்டேன். பை ஸ்டெரேடியன். சரியாக 3.14. நெட்டையாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும் அதேதான்; பக்கத்தில் அலையில் குதித்துக்கொண்டிருந்த நாலு வயதுப் பையனுக்கும் அதே பைதான். மிளகில் சொன்னால் ஐம்பத்திரண்டாயிரம்.

"ஐம்பத்திரண்டாயிரம்" என்றேன் சத்தமாக.

"சுண்டலா சார்? இருபது ரூபாதான்" என்றான் பின்னால் நின்ற பையன்.

தேங்காய், மாங்காய், பட்டாணி. மூன்று பொட்டலம் வாங்கி மணலில் உட்கார்ந்தோம். ஆறரை மணி வாக்கில் தண்ணீருக்குள்ளிருந்து செம்பு நிறத்தில் நிலா எழுந்தது. "எவ்ளோ பெரிசு" என்றாள் மனைவி. நான் வாயைத் திறக்கவில்லை.

மகள் பொட்டலத்திலிருந்து ஒரு பட்டாணியை எடுத்துக் கையை நீட்டி, ஒரு கண்ணை மட்டும் அழகாக மூடினாள். அவளுக்கு அது வருகிறது, அம்மா வழி. பட்டாணி மிளகைவிடப் பெரிது. நிலா மொத்தமும் மறைந்து ஓரத்தில் மினுக்கம்கூட இல்லை. "முழுசா மறைஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"உப்பு கம்மிப்பா."